புது டைல் மேல் வைத்த கம்மோடு ஆடுகிறது, நட்டை இன்னும் இறுக்கலாமா?

நீலவாளி எழுதியது:

வணக்கம். குளியலறையை ஆள் வைக்காமல் நானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். பழைய டைலைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது டைல் ஒட்டி, கிரவுட் போட்டு, அது காய்ந்தும் விட்டது. ஷவர், வாஷ்பேசின் எல்லாம் முடிந்தது. கம்மோடு வைக்கும் இடத்தில் வேலை நின்றுவிட்டது. ஆடுகிறது.

விவரம் சொல்லிவிடுகிறேன். கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும் வகை. தரையில் பழைய பிளாஸ்டிக் ஃபிளாஞ்ச் (கழிவுக் குழாயின் வாயைச் சுற்றித் தரையோடு பிடித்திருக்கும் வளையம்), அதன் மேல் கசிவை அடைக்கப் புது மெழுகு வளையம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட். டேங்க் தனி, பேசின் (கம்மோடில் உட்காரும் பகுதி) தனி. இப்போதைக்குப் பேசின் மட்டும்தான் வைத்திருக்கிறேன், டேங்க் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. பேசினை இறக்கி, மேலே உட்கார்ந்து அழுத்தி, வாஷர் போட்டு நட்டை முடுக்கினேன். கையால் முடிந்தவரை, அப்புறம் ஸ்பேனரில் கொஞ்சம்.

முன்பக்கம் வலது ஓரத்தில் கை வைத்து அழுத்தினால் 'டக்' என்று இறங்குகிறது, பின்பக்கம் இடது ஓரம் எழும்புகிறது. பின்னால் இடதில் அழுத்தினால் முன்னால் வலது எழும்புகிறது. ஒரு நூல் அளவுதான் ஆட்டம். மற்ற இரண்டு மூலைகளை அழுத்தினால் அசைவே இல்லை. தரைக்கு வாட்டம் உண்டு. தண்ணீர் வடியும் துளை கம்மோடுக்கு வலது பக்கம், முன்னால் தள்ளி இருக்கிறது.

இன்னொன்று, வலது நட்டு நன்றாக இறுகி நிற்கிறது. இடது நட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தாலும் இறுகுகிற மாதிரி தெரியவில்லை.

நட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் நின்றுவிடுமா? தெரிந்தவர் ஒருவர், வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடியில் திணித்துவிடு, ஆயுசுக்கும் அசையாது என்கிறார். திரும்பத் தூக்கி எடுத்து வைக்க மனசே வரவில்லை, கனம் அப்படி. தூக்காமல் சரிசெய்ய வழி உண்டா?


பழையஸ்பேனர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

குழாய் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். உடைந்துபோய் நான் கழற்றிப் போட்ட பேசின்களில் நிறைய, போல்ட் துளையிலிருந்து கிளம்பிய கீறலால் போனவை. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் போல்ட் கீழே இழுத்தால் அது வளைந்து கொடுக்காது, விரியும். அந்தக் கீறல் உடனே கண்ணில் படும் என்றும் சொல்ல முடியாது. மயிரிழை அளவுக்கு வந்து, ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டு, ஒரு நாள் பேசினின் பாதத்து ஓரமாக ஈரம் தெரியும்.

ஆட்டத்தை நிறுத்துவது போல்ட்டின் வேலை என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். போல்ட்டுக்கு அந்த வேலை கிடையாது. ஏற்கெனவே ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பேசின் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளவும், மெழுகு அழுந்தியபடியே இருக்கவும்தான் அது. மெழுகும் இல்லாமல், போல்ட்டும் இல்லாமல், சும்மா தரையில் வைத்தாலே பேசின் தன் கனத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்ற பிறகுதான் நட்டைப் பற்றிய பேச்சு. இதைச் செய்யாமல் வைத்த ஒவ்வொரு கம்மோடும் என்னிடம் திரும்பி வந்திருக்கிறது, நட்டு எவ்வளவு இறுகியிருந்தாலும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அழுத்தினால் அசையாத அந்த இரண்டு மூலைகள், முன் இடதும் பின் வலதும், அங்கேதான் பாதம் தரையைத் தொடுகிறது. அந்த இரண்டையும் இணைக்கிற கோட்டின் மேல்தான் பேசின் இப்படியும் அப்படியும் சாய்கிறது. அதாவது எழும்புகிற மூலைகளில் பள்ளம், எழும்பாத மூலைகளில் மேடு. நிறையப் பேர் எழும்புகிற மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேட்டைப் பாருங்கள்.

இப்போதே ஒரு சோதனை செய்யலாம். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துப் பாதத்தைச் சுற்றி அடியில் நுழைத்துப் பாருங்கள். எங்கே நுழைகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று டைலில் பென்சிலால் குறியுங்கள். நுழைகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை கார்டு போகிறது என்று பாருங்கள், அதுதான் இடைவெளி. பாதம் எங்குமே தரையைத் தொடவில்லை, எல்லாத் திசையிலும் ஆடுகிறது என்றால் அது வேறு வியாதி: ஃபிளாஞ்ச் உயரமாக நின்று பேசினைத் தாங்குகிறது என்று அர்த்தம். உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

இறுகாத இடது நட்டுதான் எனக்கு உறுத்துகிறது. போல்ட்டின் தலை ஃபிளாஞ்ச் காடியில் கூடவே சுற்றுகிறது, அல்லது ஃபிளாஞ்சே தரையிலிருந்து மேலே வருகிறது. இரண்டில் எது என்று தூக்காமல் தெரியாது.

எப்படியும் தூக்கித்தான் ஆக வேண்டும். மெழுகு ஒரு தடவை நசுங்கினால் நசுங்கினதுதான், ரப்பரைப் போல் திரும்ப எழும்பாது. நீங்கள் ஆட்டிப் பார்த்த அத்தனை தடவையும் அது ஒரு பக்கம் இன்னும் நசுங்கி, மறுபக்கம் விட்டுப்போயிருக்கும். அப்படியே விட்டால் ஃபிளஷ் பண்ணும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் டைலுக்கு அடியில் போகும். சாக்கடைக் காற்றும் அந்த வழியாக அறைக்குள் வரும். அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு, அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். பேசினுக்குள் நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் வளைவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் இந்தக் கசிவைத் தடுக்காது, ஏனென்றால் இது வளைவைத் தாண்டிய இடம்.

டேங்க் மாட்டாமல் இருப்பது நல்லதாகப் போயிற்று, பேசின் மட்டும் என்றால் கனம் குறைவு. ஆனாலும் ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, நேராக மேலே தூக்குங்கள். பழைய போர்வை ஒன்றை விரித்து அதன் மேல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். உடனே குழாய் வாயில் கந்தல் துணியை அடையுங்கள், நாற்றத்துக்காகவும், நட்டு வாஷர் உள்ளே விழாமல் இருக்கவும். துணியில் ஒரு கயிறு கட்டி வெளியே விடுங்கள். கயிறு கண்ணில் பட்டால்தான் திரும்ப வைக்கும்போது எடுக்க ஞாபகம் வரும்.

மெழுகை எல்லாம் பட்டித் தகட்டால் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்து எழுதுங்கள். அதன் மேல்பரப்பு புது டைலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, எத்தனை மி.மீ. என்பதும் வேண்டும். மெழுகு இல்லாமல் பேசினை ஒரு தடவை சும்மா வைத்துப் பார்த்து, கார்டு சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.


கரணை எழுதியது:

டைல் போடுகிறவன் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

வாட்டம் இருப்பதால் ஆடுகிறது என்று நினைக்க வேண்டாம். சரிவு ஒரே தளமாக இருந்தால் கம்மோடு கொஞ்சம் சாய்ந்து நிற்குமே தவிர ஆடாது. தரை முறுக்கிக்கொண்டிருந்தால்தான் ஆடும். வடிகால் துளை ஒரு மூலையில் இருக்கும்போது நாலு பக்கமிருந்தும் அதை நோக்கிச் சரிவு கொடுப்போம். அப்போது இரண்டு சரிவுகள் சேருகிற இடத்தில் டைல் ஒரு கோட்டில் மடங்கும். அந்தக் கோடு கம்மோடு பாதத்துக்கு அடியில் போனால் முடிந்தது கதை. உங்களுக்குத் துளை வலது முன்பக்கம் இருக்கிறது, அந்த மூலைதான் இறங்குகிறது. பொருந்தி வருகிறதா இல்லையா?

அதனால் கம்மோடு வருகிற இடத்தை, சுற்றி ஒரு சாண் சேர்த்து, சமமாக விட்டுவிட்டு மிச்சத் தரையில் வாட்டம் கொடுப்பதுதான் என் வழக்கம். அடுத்த குளியலறை செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இதற்காக டைலைப் பெயர்க்க வேண்டியதில்லை. சில நேரம் முறுக்கு தரையில் இருக்காது, பேசினில் இருக்கும். பீங்கான் சூளையில் வேகும்போது சுருங்கும், பாதம் லேசாகத் திருகிக்கொண்டு வருவது உண்டு. நல்ல சமமான கிரானைட் பலகை ஏதாவது இருந்தால் அதன் மேல் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பாதம் தொடுகிற இடங்களில் டைலைச் சாவியால் தட்டிப் பாருங்கள். சத்தம் கெட்டியாக வர வேண்டும். பொள்ளலாக வந்தால் அடியில் பசை பிடிக்கவில்லை, கம்மோடு கனமும் ஆள் கனமும் சேர்ந்து அந்த இடத்தில் டைல் விரிசல் விடும். அப்படி இருந்தால் அந்த ஒரு டைலை மட்டும் மாற்றிவிட்டு மேற்கொண்டு போங்கள்.

வெள்ளை சிமெண்ட் விஷயம். அந்தத் தெரிந்தவர் சொன்னதில் பாதி சரி, அசையாது. என்றைக்காவது கழற்ற வேண்டி வரும்போதும் அசையாது. அடைப்பு எடுக்கவோ மெழுகு மாற்றவோ தூக்க வேண்டுமென்றால் உளி வைத்துத் தட்டி எடுக்க வேண்டும், பெரும்பாலும் பாதத்தோடு சேர்ந்து உடையும். இன்னொன்று, வெளியிலிருந்து திணிக்கிற சிமெண்ட் ஓரத்தில் விரல் அகலத்துக்குத்தான் போகும். உள்ளே பொள்ளல் அப்படியே இருக்கும். ஓரத்தில் மட்டும் தாங்கி நிற்கிற மெல்லிய சிமெண்ட் ஆட்டத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆடுகிற கம்மோடுக்கு அது மருந்தே இல்லை.


மழைச்சாரல் எழுதியது:

இந்தத் தலைப்பைத் தேடி வருகிறவர்களில் சுவர் வழியாகக் கழிவு போகிற வகை வைத்திருப்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அந்த வகை. அதில் ஃபிளாஞ்சும் இல்லை, மெழுகும் இல்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாயில் ரப்பர் கனெக்டர் மாட்டி, சுவர்க் குழாய்க்குள் தள்ள வேண்டும். பாதம் தனியாகத் தரையில் ஸ்க்ரூ போட்டு நிற்கும்.

தரை டைல் போட்டதும் கம்மோடு டைல் கனத்துக்கு மேலே வந்துவிட்டது, சுவர்க் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் மையம் விலகியதால் ரப்பர் கனெக்டர் முறுக்கிக்கொண்டு பேசினைப் பின்பக்கம் ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவை எவ்வளவு முடுக்கினாலும் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பேசினை மட்டும் வைத்துப் பார்த்தால் துளிகூட ஆடவில்லை! மையம் விலகிய குழாய்களுக்கென்றே வளைந்த கனெக்டர் கிடைக்கிறது, அதை மாட்டியதும் சரியானது. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க முதலில் குழாய்த் தொடர்பைப் பிரித்துவிட்டு ஆட்டிப் பாருங்கள்.


நீலவாளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பி இல்லை, தங்கச்சி. பரவாயில்லை.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத் தூக்கி வைத்தோம். மெழுகைப் பார்த்ததுமே தெரிந்தது: ஒரு பக்கம் தகடாக நசுங்கி, இன்னொரு பக்கம் ஃபிளாஞ்சைத் தொட்ட அடையாளமே இல்லை.

ஃபிளாஞ்ச் தளர்ந்துதான் இருக்கிறது. இடது பக்கத்தைப் பிடித்து இழுத்தால் ஒரு நூல் மேலே வருகிறது. அதைத் தரையோடு பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் பழையவை, இடது பக்கத்து இரண்டும் துருப்பிடித்துத் தலை மட்டும் மிச்சம். வலது பக்கம் பிடிப்பு நன்றாக இருக்கிறது. ஃபிளாஞ்ச் வளையத்தில் விரிசல் எதுவும் இல்லை. பழைய தரைக்கு மேலே உட்கார்ந்திருந்த ஃபிளாஞ்ச் இப்போது புது டைலுக்கு 5 மி.மீ. கீழே இருக்கிறது.

மெழுகு இல்லாமல் வைத்துப் பார்த்ததில் முன் இடதும் பின் வலதும் கார்டு நுழையவில்லை. கரணை அண்ணா சொன்ன மாதிரியே பின் வலதில் இரண்டு டைல் சேருகிற இடம் மடங்கியிருக்கிறது. எழும்புகிற மூலைகளில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி. தட்டினால் சத்தம் எல்லா இடத்திலும் கெட்டி.

ஃபிளாஞ்ச் கீழே போனதற்கு இரண்டு மெழுகு வளையத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? ஸ்க்ரூவுக்குப் புதிதாகத் துளை போட்டால் அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு கெடுமா?


பழையஸ்பேனர் எழுதியது:

மன்னிக்கணும்மா. இவ்வளவு அளந்து எழுதினால் வேலை சுலபம்.

உங்களுக்கு இரண்டு கோளாறு சேர்ந்து வந்திருக்கிறது. தரை முறுக்கு ஒன்று, ஃபிளாஞ்ச் தளர்வு ஒன்று. தரைக்கு மட்டும் ஆப்பு வைத்திருந்தால் இன்றைக்கு ஆட்டம் நின்றிருக்கும், இடது போல்ட் ஃபிளாஞ்சை மேலே இழுத்துக்கொண்டே இருந்திருக்கும், மெழுகுக்கு அந்தப் பக்கம் அழுத்தமே கிடைத்திருக்காது. ஆடாத கம்மோடு அடியில் கசிந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் ஃபிளாஞ்சிலிருந்து ஆரம்பிப்போம்.

இரண்டு மெழுகு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் வழுக்கி ஒன்று பக்கவாட்டில் பிதுங்கும், குழாய் வாய்க்குள் தள்ளிக்கொண்டு போய் அடைப்பும் தரும். ஃபிளாஞ்சின் மேல்பரப்பு டைலுக்கு மேலே 6 மி.மீ. அளவில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. நீங்கள் 5 கீழே இருக்கிறீர்கள், ஆக 11 மி.மீ. குறைகிறது. ஃபிளாஞ்ச் மேல் வைக்கிற உயர்த்தும் வளையம் தனியாக வருகிறது, கால் அங்குலம், அரை அங்குலம் என்று. அரை அங்குலம் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், உங்களுக்கு அது போதும். ஃபிளாஞ்சைத் துடைத்து, உலர்த்தி, சுற்றிலும் சிலிகான் தடவி, அதன் மேல் வளையத்தை உட்கார வைத்து, இரண்டையும் சேர்த்துத் தரைவரை போகிற நீள ஸ்க்ரூவால் பிடியுங்கள். டைலில் நீங்கள் வெட்டிவிட்ட வட்டத்துக்குள் வளையம் முட்டாமல் இறங்குகிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் வளையத்தை அறுக்காதீர்கள், டைல் ஓரத்தைத் தேய்த்து எடுங்கள்.

ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பழையது ஏன் போனது என்று பார்த்தீர்கள் அல்லவா, அந்த இடம் எப்போதும் ஈரம். துளை போடும்போது டிரில்லில் சுத்தியல் பொத்தானை அணைத்துவிட்டு, டயமண்ட் பிட்டில் பழைய டைலைத் தாண்டுங்கள். காங்கிரீட் வந்த பிறகு சுத்தியலைப் போட்டுக்கொள்ளலாம். துளை ஃபிளாஞ்ச் ஓட்டை வழியாகவே நேராக இறங்க வேண்டும், உள்பக்கம் சாய்ந்தால் குழாயைத் தொட்டுவிடும். தரைக்குள் தண்ணீர்க் குழாயோ சூடேற்றும் கம்பியோ ஓடுகிறதென்றால் அது எங்கே போகிறது என்று தெரியாமல் டிரில் வைக்கக் கூடாது. நீர்த்தடுப்புப் பூச்சில் துளை விழுவது உண்மைதான். தூசியை ஊதி எடுத்துவிட்டு, துளையில் சிலிகானைப் பாதி நிரப்பி, அப்புறம் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைத் தள்ளுங்கள். ஸ்க்ரூ உள்ளே போகும்போது சிலிகான் பிதுங்கிச் சுற்றிலும் அடைத்துக்கொள்ளும். பிளக் துளைக்குள் சுற்றினால் ஒரு அளவு பெரிய பிளக், அதற்கும் சுற்றினால் எபாக்சி பசை.

போல்ட்டுகளைக் காடியில் நிற்க வைத்து, ஃபிளாஞ்ச் மேலேயே ஒரு வாஷர், ஒரு நட்டுப் போட்டு இறுக்கிவிடுங்கள். பேசினை இறக்கும்போது போல்ட் சாயாது, மேல் நட்டை முடுக்கும்போது கூடவே சுற்றாது. அந்த நட்டு பேசின் அடியில் முட்டாத அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும், இதையும் சும்மா வைத்துப் பார்க்கும்போதே கவனியுங்கள்.

மெழுகு வைக்கும் முன் ஆப்பு வேலை முடிய வேண்டும். இதைத்தான் எல்லோரும் மாற்றிச் செய்கிறார்கள். பேசினைச் சும்மா வைத்து, கார்டு நுழைந்த இடங்களில் பிளாஸ்டிக் ஆப்பை விரலால் தள்ளுங்கள். லேசாகப் பிடிக்கும்வரைதான், சுத்தியல் எடுக்காதீர்கள். சுத்தியலால் அடித்த ஆப்பு பேசினை எதிர்ப்பக்கம் தூக்கிவிடும், ஆட்டம் இடம் மாறி வரும். மரச் சிம்பு, மடித்த அட்டை, நாணயம் எதுவும் வேண்டாம். மரமும் அட்டையும் ஊறி மக்கும், நாணயம் ஒரே புள்ளியில் தாங்கும். முன் வலது, பின் இடது இரண்டிலும் வைத்துவிட்டு, நடுவிலும் பக்கத்துக்கு ஒன்று சும்மா தொடும்படி வையுங்கள். பேசின் விளிம்பில் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், நெடுக்கேயும் பாருங்கள். மட்டமும் வந்து, எந்தப் பக்கம் அழுத்தினாலும் அசைவும் இல்லையென்றால், ஆப்புகள் இருக்கும் இடத்தை டைலில் குறித்துக்கொண்டு, அவற்றை டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிட்டுப் பேசினைத் தூக்குங்கள்.

அப்புறம் துணியை எடுங்கள். கயிறு!

புது மெழுகு வளையம். குளிர்ந்து கிடந்தால் கொஞ்ச நேரம் அறைச் சூட்டில் வையுங்கள், விறைத்த மெழுகு சரியாகப் பரவாது. பேசினை நேராக இறக்கி, ஆப்புகள் மேல் உட்கார்ந்ததும் உங்கள் கனத்தைப் போட்டு நேர் கீழாக அழுத்துங்கள். பாதம் ஆப்பைத் தொட்ட பிறகு திரும்பத் தூக்கினால் அந்த மெழுகு கணக்கில் இல்லை, இன்னொன்று வாங்க வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். இரண்டும் பிடித்துவிட்டது என்று கை சொல்லும்போது நிறுத்துங்கள். மறுநாள் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், மெழுகு இறங்கி லேசாகத் தளர்ந்திருக்கும்.

மெழுகு பயமாக இருந்தால் ரப்பரில், ஃபோமில் எல்லாம் வளையம் வருகிறது. தூக்கித் திரும்ப வைத்தாலும் கெடாது, முதல் தடவை செய்கிறவர்களுக்கு வசதி. எனக்குக் கை மெழுகில்தான் பழகியிருக்கிறது.


கரணை எழுதியது:

அண்ணன் சொன்னதற்கு மேல் ஆப்பு விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நான் மட்டும் ஆப்போடு நிறுத்த மாட்டேன். நட்டு இறுகி, கசிவு இல்லை என்று உறுதியான பிறகு பாதத்தைச் சுற்றிச் சிலிகானை அடியில் நன்றாகப் போகும்படி பீய்ச்சி, ஆப்பின் வெளியே நீட்டிய பகுதியைக் கத்தியால் சீவிவிட்டு, மேலே விரலால் இழுத்து முடிப்பேன். நாற்புறமும் முழுதாக. குளியலறைத் தண்ணீர் அடியில் போய்த் தங்கினால் நாற்றம் போகாது.

வினிகர் வாசனை வருகிற சிலிகானை இங்கே வாங்காதீர்கள். அது காயும்போது அசெட்டிக் அமிலம் விடும், சிமெண்டுக்கும் உலோகத்துக்கும் ஒத்துவராது. நியூட்ரல் என்று போட்டிருப்பது, பூஞ்சணம் பிடிக்காத வகை. சிலிகான் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கித்தான் வெளியிலிருந்து உள்ளே காயும், ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதால் அடியில் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.


பழையஸ்பேனர் எழுதியது:

நாற்புறமும் அடைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பின்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுவேன். என்றைக்காவது மெழுகு கசிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வெளியே வந்து தெரியட்டும். முழுக்க அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று டைலுக்கு அடியில் போகும், கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.


கரணை எழுதியது:

ஷவர் தண்ணீர் கம்மோடுவரை வருகிற அறையென்றால் அந்த இரண்டு விரல் வழியாகத்தான் தினமும் உள்ளே போகும். ஷவர் தனியாகத் தடுத்திருந்தால் அண்ணன் வழி, இல்லாவிட்டால் என் வழி. சில ஊர்களில் கட்டட விதியே முழுக்க அடைக்கச் சொல்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


நீலவாளி எழுதியது:

முடித்துவிட்டேன். ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு இருப்பதால் பின்னால் இடைவெளி விட்டேன், கரணை அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். உயர்த்தும் வளையம் போட்ட பிறகு டைலுக்கு மேலே 7 மி.மீ. வந்தது, பேசின் அடியில் முட்டவில்லை. இடது நட்டு இப்போது முதல் கால் சுற்றிலேயே பிடித்துவிட்டது, அந்த வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. சிலிகான் போடும் முன் வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றி, பாதம் ஓரமாக டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். எல்லாம் உலர்வாகவே இருந்தது.

டேங்க்கும் மாட்டியாயிற்று. பேசின் துளிகூட அசையவில்லை, ஆனால் டேங்க்கை மட்டும் பிடித்து ஆட்டினால் முன்னும் பின்னும் லேசாகப் போகிறது. கசிவு இல்லை. இதையும் இறுக்கக் கூடாதா?


பழையஸ்பேனர் எழுதியது:

இதை இறுக்கலாம், அளவோடு. டேங்க்குக்கும் பேசினுக்கும் நடுவில் தடித்த ரப்பர் வளையம் இருக்கிறது, அது நசுங்கும்வரை டேங்க் மிதந்துகொண்டுதான் இருக்கும். பல மாடல்களில் பேசினின் பின்மேட்டில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும், டேங்க்கின் அடி அவற்றைத் தொட்டதும் ஆட்டம் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு இழையும் வேண்டாம். நட்டுகளை மாற்றி மாற்றித் திருப்புங்கள், டேங்க் ஒரு பக்கம் சாயாமல் ரசமட்டத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

கையோடு டேங்க் உள்ளே ஒரு பார்வை பாருங்கள்: போல்ட் தலைக்குக் கீழே ரப்பர் வாஷர்தான் பீங்கானைத் தொட வேண்டும். உலோக வாஷர் வெளியே, அடியில், நட்டுப் பக்கம். இரண்டும் இடம் மாறியிருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் சொட்டும்.